2024–25 ஆண்டறிக்கை: கடைசி சனிக்கிழமைப் பயிற்சியும் வராத உறுப்பினர்களும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் முழுவதும் வாசிக்க நேரம் கிடைக்காது என்பதால் இங்கேயே போடுகிறேன், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

ரத்ததான முகாம், பொங்கல் விழா, பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடைக் கணினி வகுப்பு மூன்றும் வழக்கம்போல் நன்றாக நடந்தன. நவம்பர் 30 கூட்டம் ஃபெஞ்சல் புயலால் ரத்தானது.

இனி, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கணினி நிரல் எழுதிப் பழகும் நம் கூட்டுப் பயிற்சி. நம்மில் பெரும்பாலோர் திருவொற்றியூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையிலிருந்து கிளம்பி தினமும் தரமணி, சிறுசேரி ஐ.டி. அலுவலகங்களுக்குப் போய்வருகிறவர்கள். புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளக் கூடும் கூட்டங்களும் அந்தப் பக்கமே நடக்கின்றன. வாரம் முழுக்க அலைந்தவன் சனிக்கிழமையும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) போவானா? அதனால்தான் தண்டையார்பேட்டை மெட்ரோவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து, மாதத்தின் கடைசி சனிக்கிழமை நான்கு மணி முதல் ஏழு மணி வரை என்று வைத்தோம். 2021-இல் விம்கோ நகர் வரை ரயில் வந்த பிறகு தூரம் என்று சொல்ல இங்கே நிறைய பேருக்குக் காரணம் இல்லை.

முறை நாமே கண்டுபிடித்ததல்ல. 2009-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய ‘கோட் ரிட்ரீட்’ முறைதான், அங்கே ஒரு முழு நாள், நமக்கு மூன்று மணி நேரம். இரண்டு பேர், ஒரு லேப்டாப், 45 நிமிடம். மணி அடித்ததும் எழுதியதை அழித்துவிட்டு வேறு ஆளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அழிக்கச் சொன்னதும் முதல் மாதம் பலருக்கு மனசு வரவில்லை. அலுவலகத்தில் எழுதுவது என்றைக்காவது ரிலீஸ் ஆக வேண்டும் என்ற பயத்திலேயே எழுதுவது, புது வழியை முயன்று பார்க்க அங்கே இடமே கிடையாது. இங்கே எப்படியும் அழியப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் கை துணிந்தது.

கான்வே என்ற கணித அறிஞரின் ‘கேம் ஆஃப் லைஃப்’ கணக்கில் ஆரம்பித்தோம், பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு கட்டமும் உயிர்ப்பதும் அணைவதுமான விளையாட்டு அது. அப்புறம் கொடுத்த கணக்கு, ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று நிரல் சொல்ல வேண்டும். பைத்தான் மொழி 5 என்றது, ‘மி’யின் மேல்விலங்கையும் (ி) ‘ழ்’ மேல் உள்ள புள்ளியையும் தனித்தனியாக எண்ணியதால். கோ மொழியில் எழுதிய ஜோடிக்கு 15 வந்தது, அது பைட்டை எண்ணியது, எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் நம் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால். ஸ்விஃப்ட் மொழி மட்டும் சரியாக 3 சொன்னது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் ‘மி’யின் மேல்விலங்கு ழகரத்தின் மேல் போய் உட்கார்ந்தது, புள்ளி தனியே முன்னால் நின்றது. பத்து வருட அனுபவம் உள்ள அண்ணன்களும் போன வருடம் வேலைக்குச் சேர்ந்த தம்பிகளும் ஒரே மேசையில் மண்டையைப் பிய்த்துக்கொண்டதைப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடே.

“எல்லாம் யூடியூப்பில் இருக்கு, ஏஐயே எழுதித் தருது, எதுக்கு இது” என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அது எழுதித் தரும் சரி, அந்த 5 தப்பு என்று படித்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா? பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து “ஏன் இப்படி எழுதினாய்” என்று கேட்கும்போது வருகிற தெளிவு வீடியோவில் வராது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் எந்த மாதமும் வந்ததில்லை. ஜோடியாகச் செய்கிற வேலையில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் சும்மா உட்கார வேண்டும். எண்ணூரிலிருந்து பஸ் மாறி வந்த ஒரு தங்கை ஒரு சுற்று முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், நமக்கு அது அழகா? நைட் ஷிஃப்ட் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. வருகிறேன் என்று குழுவில் கட்டைவிரல் காட்டிவிட்டு போனை எடுக்காதவர்களைத்தான் சொல்கிறேன்.

வரவு செலவு பொருளாளர் அண்ணனின் நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுருக்கமாக, வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல். வாடகை, கரண்ட் பில், டீ தவிர பெரிய செலவு எதுவும் இல்லை. மாதம் நூறு ரூபாய் சந்தாவை வருடக்கணக்கில் நிலுவை வைத்திருப்பவர்கள் கட்டினாலே பற்றாக்குறை தீரும். இப்போதைக்கு இரண்டு மூன்று பேர் கைக்காசு போட்டுச் சமாளிக்கிறார்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள்.

வாடகையை ஏற்றாத இட உரிமையாளருக்கும், தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், பழைய மானிட்டர்களைக் கொடுத்த பெரம்பூர் அக்காவுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டும் பயிற்சியை நடத்த எனக்கு ஆசைதான். ஆனால் பயிற்சிக்கான கணக்கு தயாரிப்பது, சாவி வாங்குவது, ஆளுக்கு ஆள் போன் போடுவது எல்லாம் ஒரே ஆள் தலையில் இருந்தால் ஓடாது. இரண்டு பேராவது பொறுப்பெடுக்க முன்வந்தால் செயலாளர் பதவிக்கு மறுபடி என் பெயரைக் கொடுக்கிறேன், இல்லையென்றால் பொதுக்குழு வேறு ஏற்பாடு பார்க்கட்டும். வருகிற கடைசி சனிக்கிழமைப் பயிற்சிக்கான கணக்கு, குறள் ஒன்றைக் கொடுத்தால் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர் இருக்கிறதா என்று சோதிக்கும் நிரல். வர முடியாதவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் சொல்லிவிடுங்கள், ஜோடி மாற்றிப் போட வேண்டும். நிலுவைச் சந்தாவை அன்றைக்கே பொருளாளரிடம் கட்டலாம், ஜிபேயும் வாங்குவார்.

இப்படிக்கு,
செயலாளர்