செயலாளர் ஆண்டறிக்கை: காத்த நிலமும் திறந்த பாதையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்கிறார். கூட்ட நடவடிக்கைகள் தீர்மானப் புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டையும் இங்கே திரும்பப் படிக்கப் போவதில்லை. நிலங்களைக் காத்து, மக்கள் நடக்கப் பாதை அமைப்பது நம் சங்கத்தின் பணி. அந்த நிலங்களில் என்ன வேலை நடந்தது, எந்த அளவுகளில் நடந்தது, எது சரிவரவில்லை, ஏன் என்பவை மட்டுமே இவ்வறிக்கையில் உள்ளன.

நிலமும் பத்திரமும்

நிலம் தர முன்வருபவர்களிடம் பேசும்போது ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. காப்புக் கட்டுப்பாட்டுப் பத்திரம் எழுதினாலே பொதுமக்கள் உள்ளே வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நிலம் உரிமையாளர் பேரிலேயே இருக்கும். கட்டடம் எழுப்பக்கூடாது, மண் அள்ளக்கூடாது, மனையாகப் பிரிக்கக்கூடாது போன்ற கட்டுப்பாடுகள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த உரிமையாளர்களையும் பிடிக்கும். அந்தப் பத்திரத்தின் வேலை அவ்வளவுதான். மக்கள் நடக்க வேண்டுமானால் எந்த வழியில், எவ்வளவு அகலத்தில், எந்த மாதங்களில், பராமரிப்பு யார் பொறுப்பில் என்பதைத் தனிப் பிரிவாக எழுதியாக வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில் வாரிசு மாறியதும் கேட் பூட்டப்படுகிறது. அப்போது நம் கையில் பேச்சு இருக்கும், காகிதம் இருக்காது.

ஆகவே எந்தப் பத்திரத்தையும் கையெழுத்துக்குக் கொண்டுபோகும் முன் மூன்று வேலைகளைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். முதலாவது, மூலப் பத்திரத்திலிருந்து தொடங்கி உரிமைத் தொடர்ச்சியையும் வில்லங்கத்தையும் பார்ப்பது. சுரங்க உரிமை, மின்கம்பி வழி, பக்கத்து நிலத்தாருக்குள்ள வழிப்பாத்தியம் ஆகியவற்றைக் குறிப்பாகத் தேட வேண்டும். இரண்டாவது, பொதுச் சாலையிலிருந்து நிலத்துக்குச் சட்டப்படியான வழி இருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொருவர் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டுமென்றால் அந்த வழியுரிமையை முதலில் வாங்க வேண்டும். மூன்றாவது, எல்லைக் கல் ஒவ்வொன்றையும் காலால் நடந்து கண்ணால் பார்ப்பது. வரைபடத்தில் இருக்கும் கல் தரையில் இல்லாமல் போவது அபூர்வமல்ல.

இவற்றோடு அடிநிலைப் பதிவும் சேர்கிறது. பத்திரம் கைமாறும் நாளில் நிலம் எப்படி இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி. ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த இடத்தின் ஆயத்தொலை (அட்சரேகை, தீர்க்கரேகை), பார்த்த திசையின் பாகை, தேதி மூன்றும் வேண்டும். அடுத்த ஆண்டு ஆய்வில் அதே இடத்தில் நின்று அதே திசையில் படமெடுத்தால்தான் ஒப்பிட முடியும். பதிவில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இதைக் கையெழுத்துக்குப் பிறகு தயாரித்தால் பயனில்லை. புதிதாக முளைத்த கொட்டகை முன்பே இருந்ததா என்ற வழக்கில் அந்தப் பதிவு நிற்காது.

பொதுப் பயன்பாட்டுக்காக நிலம் காக்கும் அமைப்புகளின் வரலாறு நீண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1891-லும் இங்கிலாந்தில் 1895-லும் அவை தோன்றின. இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்டுக்கு முதலில் கிடைத்த நிலம் வேல்ஸ் கடலோரத்தில் ஐந்து ஏக்கருக்கும் குறைவான ஒரு குன்றுச் சரிவு. பரப்பு சிறிது என்பதற்காக ஒரு நிலத்தைத் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். வழியில்லாத பெரிய நிலத்தைவிட, இரண்டு பாதைகளை இணைக்கும் குறுகிய துண்டு அதிகப் பயன் தரும்.

பாதை வேலை

இந்த ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே போனது. பாதையைக் கெடுப்பது காலடி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் கெடுப்பது தண்ணீர். காலடி புல்லை அகற்றி மண்ணை இறுக்குகிறது. இறுகிய மண்ணில் நீர் இறங்காமல் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடுகிறது. பாதை பள்ளமானதும் மக்கள் ஓரமாக நடக்கிறார்கள். ஓரமும் தேய்ந்து ஒற்றையடிப் பாதை மூன்றாகப் பிரிகிறது.

பழைய சரிவுப் பாதையின் குறையும் இதுதான். அது மேட்டிலிருந்து நேர் கீழாக இறங்கியது. அதில் விழுந்த நீருக்குப் பக்கவாட்டில் வெளியேற வழியே இல்லை. அத்தகைய பாதையில் எத்தனை கல் பதித்தாலும் ஓரிரு மழைக்குத்தான் தாங்கும். அதனால் செப்பனிடுவதைக் கைவிட்டு, சரிவின் குறுக்கே புதுத் தடம் எடுத்தோம். கடைப்பிடித்த விதி எளியது: பாதையின் ஏற்றம் குன்றுச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. குன்று 100 மீட்டருக்கு 16 மீட்டர் ஏறினால் பாதை 8 மீட்டருக்குமேல் ஏறக்கூடாது. குன்று எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் பாதையின் சராசரி ஏற்றத்தை 10 சதவீதத்துக்குள் வைக்கிறோம். இந்தப் பாதி விதியை மீறினால் நீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதை வழியே இறங்கத் தொடங்கும். சமதரை நல்லது என்று நினைப்பதும் தவறு. முழுச் சமதரையில் நீர் தேங்கிச் சேறாகிறது.

தடம் குறிக்கும் வேலைக்கு இருவர் போதும். ஒருவர் கையில் சரிவை அளக்கும் கிளினோமீட்டர், மற்றவரிடம் முதலாமவரின் கண் உயரத்தில் குறியிட்ட கோல். முளைக்குச்சிகளை 3 மீட்டருக்கு ஒன்றாக நட்டு, முழுத் தடத்தையும் இரு திசையிலும் நடந்து பார்த்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும். முடிந்தால் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒருமுறை நடக்க வேண்டும். எந்தக் கருவியும் காட்டாததை அந்த நடை காட்டும்.

பாதையின் முழு அகலமும் வெட்டிய தரையில் அமைய வேண்டும். வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் போட்டு அதையே பாதி அகலமாகக் கணக்கிட்டால் வேலை பாதியாகக் குறையும். ஆனால் நிரப்பிய மண் அடுத்த மழைக்காலத்தில் அமுங்கிச் சரியும். வெட்டிய மண்ணைச் சரிவில் தூரமாக வீசிப் பரப்பிவிட வேண்டும். ஓரத்தில் குவித்தால் வரப்பாகி நீரை உள்ளேயே கட்டிவைக்கும். மேற்பரப்புக்கு வெளிப்பக்கமாக 3 முதல் 5 சதவீதம் வாட்டம் கொடுக்கிறோம். 1 மீட்டர் அகலத்துக்கு இது 3 முதல் 5 சென்டிமீட்டர். ஆள் நடக்க நடக்க நடுப்பகுதி அமுங்கி வெளி ஓரம் தானாகவே வரப்பாகும் என்பதால் வாட்டத்தை மட்டும் நம்ப முடியாது. ஆகவே மண்ணின் தன்மையைப் பொறுத்து 6 முதல் 15 மீட்டருக்கு ஒருமுறை பாதையைச் சற்று இறக்கி மறுபடி ஏற்றுகிறோம். அந்தத் தாழ்வில் நீர் வெளியேறிவிடும். குறுக்கே மரக்கட்டை பதித்து நீரைத் திருப்பும் பழைய முறையை இனிப் புது வேலைகளில் பயன்படுத்துவதில்லை. கட்டைக்கு மேல்பக்கம் வண்டல் நிரம்பியதும் நீர் அதைத் தாண்டி ஓடுகிறது. தடுக்கி விழுபவர்கள் வேறு.

கொண்டை ஊசி வளைவுகள் தனித் தலைவலி. மேல் தடத்தில் நிற்பவருக்குக் கீழ்த் தடம் தெரிந்தால் குறுக்கே இறங்கிவிடுவார். அறிவிப்புப் பலகை இதைத் தடுத்ததில்லை. வளைவைப் பாறை அல்லது அடர்ந்த புதரைச் சுற்றி வைக்க வேண்டும், இரு தடங்களும் வேகமாக விலகிச் செல்ல வேண்டும். வளைவுகளின் எண்ணிக்கையைக் குறைத்து இடைத் தடங்களை நீட்டுவதே மேல்.

சக்கர நாற்காலிக்கான தடம்

நுழைவாயிலிலிருந்து நீர்நிலைப் பார்வையிடம் வரையிலான பகுதிக்கு வேறு அளவுகோல். அமெரிக்காவின் திறந்தவெளித் தடங்களுக்கான அணுகல் வழிகாட்டியைப் பின்பற்றினோம். குறைந்தபட்ச அகலம் 91 சென்டிமீட்டர். ஏற்றம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நீளத்துக்கு வரம்பில்லை. 8.33 சதவீதம் வரை என்றால் தொடர்ந்து 61 மீட்டருக்குமேல் கூடாது, 10 சதவீதம் வரை என்றால் 9 மீட்டருக்குமேல் கூடாது. அதன்பின் இளைப்பாறத் தட்டையான இடம் வேண்டும். பாதை 1.5 மீட்டரைவிடக் குறுகலாக இருந்தால் சுமார் 300 மீட்டருக்கு ஒருமுறை இரு நாற்காலிகள் விலகிச்செல்ல இடம் விட வேண்டும். நாம் 1.2 மீட்டர் அகலம் எடுத்தோம்.

மேற்பரப்புக்குக் கிரஷர் தூள் கலந்த சிறு ஜல்லி. ஆற்றுக் கூழாங்கல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடிக்காது, சக்கரம் புதையும். உடைத்த கல்லின் முனைகளும் தூளும் ஈரத்தில் இறுகிப் பிடிக்கும். இறுகிய கனம் 10 சென்டிமீட்டர் வேண்டும். இதை இரண்டு அடுக்காக விரித்து, ஒவ்வொன்றையும் நனைத்துத் திமுசு போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் மேல்பகுதி மட்டும் இறுகி அடியில் பொதபொதவென்றிருக்கும். கணக்கு: 100 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 0.1 மீட்டர் கனம் என்றால் இறுகியபின் 12 கன மீட்டர். கொட்டும்போது கால் பங்கு கூடுதலாக, 15 கன மீட்டர் வர வேண்டும். 12-க்கே ஆர்டர் கொடுத்து, கடைசி இருபது மீட்டருக்குச் சரக்கில்லாமல் நிற்பது வழக்கமான பிழை.

சதுப்பு மண்ணில் ஜல்லி முழுகிப்போகும் என்பதால் அங்கே பலகை நடைபாதை. பலகைகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் பதித்தால் சந்தில் முன்சக்கரமும் கைத்தடியும் மாட்டும். சந்து 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பச்சை மரத்தைச் சந்து விட்டுப் பதித்தால், காய்ந்து சுருங்கியபின் சந்து இன்னும் அகலும். அதனால் பலகையின் ஈரப்பதத்தைப் பார்த்துத்தான் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும்.

மூடிய பாதைகள்

பாதையை மூடுவதற்கு ஏன் இவ்வளவு உழைப்பு என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். மிதிபடாத தரையில் தாவரச் சேதத்தின் பெரும்பகுதி முதலில் நடக்கும் சிலராலேயே ஏற்படுகிறது. அதன்பின் ஆள் கூடினாலும் சேதம் அதே வேகத்தில் கூடுவதில்லை. ஆகவே ஆட்களைப் பல தடங்களில் பரப்புவதைவிடச் சில உறுதியான பாதைகளில் சேர்த்து நடத்துவது நிலத்துக்கு நல்லது. நிலத்தின் மையத்தை யாரும் தொடாமல் வைத்து, பாதையை ஓரங்களில் சுற்றவிடுவதும் இதே காரணத்தால்தான்.

மூடும் முறை இது. மாற்றுத் தடம் முதலில் தயாராக வேண்டும், அதுவும் பழையதைவிட நடக்க இதமாக இருக்க வேண்டும். பழைய தடத்தின் இறுகிய மண்ணை 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திவிட வேண்டும். பள்ளமாகிவிட்ட இடங்களில் குறுக்கே கல் அடுக்கினால் வண்டல் தங்கும். பக்கத்திலேயே வளரும் செடிகளைப் பெயர்த்து நட வேண்டும். வெட்டிய கிளைகளை வளர்ந்தவைபோல நிமிர்த்திச் செருகினால் தடம் கண்ணுக்கு மறையும். இரு முனைகளிலும் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை இதைச் செய்தால் போதும்.

உண்ணிச் செடி

திறந்த பாதை ஓரங்களில் வெளிச்சம் விழுவதால் உண்ணிச் செடி (லான்டானா) என்ற களைப் புதர் முதலில் அங்கேதான் வருகிறது. தரைமட்டத்தில் வெட்டுவது வீண். அடியிலிருந்து மறுபடி தழைத்து இன்னும் அடர்த்தியாகிறது. மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில், துளிர்க்கும் பகுதிக்கு அடியில், முதன்மை வேரைத் துண்டித்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். காய்க்கும் முன் செய்வது முக்கியம். பழம் தின்ற பறவைகள் அமரும் மரங்களின் அடியில் நாற்றுகள் திரும்ப முளைக்கும். அங்கே குறைந்தது இரண்டு ஆண்டுகள் கைக்களை எடுக்க ஆள் இல்லையென்றால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. அகற்றிய இடத்தில் உள்ளூர்ப் புல் விதையை உடனே தூவ வேண்டும்.

வருகைக் கணக்கு

பாதையில் நடப்பவர்களை எண்ணும் கருவியான அகச்சிவப்பு எண்ணியின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஜோடியாக நடப்பவர்களை அது ஒருவராக எண்ணும், காற்றில் ஆடும் கிளையை ஆளாக எண்ணும், போய்த் திரும்புபவரை இருமுறை எண்ணும். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் ஆள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து திருத்தக் காரணி கண்டுபிடிக்க வேண்டும். கையெண்ணிக்கை 120, கருவி 100 என்றால் காரணி 1.2. கருவியை இடம் மாற்றினால் காரணியும் செல்லாது.

பராமரிப்பு நிதி

நிலம் வாங்க நன்கொடை கிடைக்கிறது, பலகை மாற்றக் கிடைப்பதில்லை. ஆண்டு ஆய்வு, வடிகால் சுத்தம், களை, காப்பீடு, சட்டச் செலவு ஆகியவை நிலம் நம்மிடம் இருக்கும்வரை வரும். நிதியிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டுமே எடுப்பது என்று வைத்துக்கொண்டால், ஒரு நிலத்தின் ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு மூலதனம் வேண்டும். அந்த மூலதனத்தைக் காட்டாமல் வந்த முன்மொழிவுகளை நிர்வாகக் குழு இந்த ஆண்டு நிறுத்திவைத்தது. சிலருக்கு மனவருத்தம் உண்டு என்பதை அறிவேன். முடிவு சரியென்றே கருதுகிறேன்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, பொது நடைவழிப் பிரிவும் கையெழுத்திட்ட அடிநிலைப் பதிவும் இல்லாத எந்த நிலப் பத்திரத்தையும் சங்கம் ஏற்பதில்லை. இரண்டு, ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் முதல் கனமழைக்கு மறுநாள் ஒருமுறையும் எல்லாப் பாதைகளையும் நடந்து பார்த்து, ஓர வரப்பை வெட்டி, தாழ்வுகளில் சேர்ந்த வண்டலை அள்ள வேண்டும். இரண்டாம் தீர்மானத்துக்கான ஆள் பட்டியல் மேசையில் இருக்கிறது. மண்வெட்டி சங்கத்தில் உண்டு, கையுறை கொண்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்