மஞ்சள் பூவெல்லாம் கரிசலாங்கண்ணி ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடப்பதுதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றும், அதில் ஒரு கொடியைக் கிள்ளிவந்து தொட்டியில் நட்டால் வீட்டுக்குக் கீரைப் பஞ்சமே இராது என்றும் எழுதி, அரைப்பக்கத்துக்கு வண்ணப் படமும் வெளியிட்டிருக்கிறீர்கள். படம் வெகு தெளிவாக இருந்தது. அதிலுள்ள இலையின் பளபளப்பும், இருபுறமும் பிரிந்து நிற்கும் மடல்களும் நர்சரிக்காரர்கள் 'வெடேலியா' என்று விற்கும் அழகுச் செடிக்கு உரியவை என்பது தங்களுக்குத் தெரியாததன்று. ஆகவே படம் மாறிவிட்டது என்றே முதலில் எண்ணினேன். கட்டுரையைப் படித்த பிறகு அந்த ஆறுதலும் இல்லாமல் போயிற்று.

வெடேலியா அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையை மூடிவிடும் அதனைக் கிள்ளிவந்து நடச் சொல்வது தோட்டக்கலையா என்று தாங்களே சொல்ல வேண்டும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு குறுகியது. மடல் பிரியாது, விரலால் தடவினால் சொரசொரக்கும், காம்பு இருப்பதே தெரியாமல் எதிரெதிராகத் தண்டோடு ஒட்டி நிற்கும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், இரண்டின் பூவும் மஞ்சள் என்பதற்காக இலையைப் பாராமலே பெயர் வைத்துவிடலாமா?

இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். முன்பொரு முறை வெள்ளைக் கரிசலாங்கண்ணி என்று வெட்டுக்காயப்பூண்டின் படத்தைப் போட்டீர்கள். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய சில இதழ்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள்கூட அதைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். அப்போது நான் விளக்கமாக எழுதிய கடிதத்தில், இதழின் அச்சும் தாளும் நன்றாக இருப்பதாகச் சொன்ன ஒரு வரியை மட்டும் வெளியிட்டுப் பெருமைப்படுத்தினீர்கள்.

என் மாமியார் வாய்க்கால் கரையில் பறித்துவந்த வெள்ளைக் கரிசாலையை அம்மியில் அரைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றில் வெள்ளைத் துணியைத் தோய்த்து நிழலில் உலர்த்தி, திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்துப் பிள்ளைகளுக்கு மை கூட்டுவார். பறித்த காம்பைக் கசக்கினால் சிறிது நேரத்தில் விரல் கறுத்துவிடும். அவர் செடியைச் சோதித்ததே அப்படித்தான். வள்ளலார் போற்றிய இந்த மூலிகையைப் பற்றி எழுதுகிறவர் ஒரு முறையாவது அதைக் கையால் கசக்கிப் பார்த்திருக்க வேண்டாமா?

வளர்ப்பு முறை இன்னும் விசேஷம். வெள்ளைக் கரிசலாங்கண்ணி விதையை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றச் சொல்கிறார் தங்கள் கட்டுரையாளர். எள்ளைவிடச் சிறிய அந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈர மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, மண் காயாமல் தெளித்துவந்தாலே போதும். மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு விதை தேடி அலைய வேண்டியதில்லை. கணுவோடு வெட்டிய தண்டை ஈரமான இடத்தில் பதித்தால் வேர்விட்டுவிடும். எங்கள் கொல்லையில் பாத்திரம் கழுவும் நீர் ஓடும் வழியில் அது பல காலமாக அப்படித்தான் தழைத்துக்கொண்டிருக்கிறது. பருப்புக் கூட்டுக்குப் பறிக்கப் பறிக்க, பக்கக் கிளைகள் விடுகிறது.

தங்கள் கட்டுரையை நம்பி எங்கள் தெருவில் ஒருவர் பேருந்து நிலையப் பூங்காவிலிருந்து வெடேலியாவைக் கொண்டுவந்து தொட்டி நிறைய நட்டிருக்கிறார். கீரை பறிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தவரைத் தடுத்து, என் கொல்லைத் தழையையும் தங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. "பத்திரிகையில் போட்டிருக்கிறதே" என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். மற்ற ஊர்களில் தடுக்க யார் இருந்தார்களோ!

மறுப்பு, வருத்தம் என்றெல்லாம் தங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. அடுத்த இதழில், எவரும் படிக்காத ஒரு மூலையிலாயினும், இரண்டு செடிகளின் இலைகளையும் அருகருகே வைத்து ஒரு சிறு படம் வெளியிட்டால் போதும். தழை வேண்டுமானால் அஞ்சலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மன்னார்குடி