காஃபீன் இல்லை என்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தை ஒட்டி வரும் விளம்பரங்களில் அண்மைக்காலமாக ஒரு வாசகம் அடிக்கடி தென்படுகிறது. காஃபீன் போன்ற கிளர்ச்சியூட்டிகள் எதுவும் சேராத, முழுக்கவும் தாவரச் சாற்றால் ஆன கேப்சூல், உடலின் வளர்சிதை மாற்றத்துக்குத் துணைநின்று கொழுப்பைக் கரைக்கும் என்பதே அது. படபடப்பு இராது, தூக்கம் கெடாது, ஆகவே அச்சமின்றி உட்கொள்ளலாம் என்று வாசகரே முடிவு செய்துகொள்ளும்படி அது எழுதப்பட்டிருக்கிறது. கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், அத்தகைய கேப்சூல்களின் மூலப்பொருள்களுள் ஒன்று விளையும் பகுதியில் வசிப்பவன் என்ற முறையிலும் இதுபற்றி எழுதுகிறேன்.

இந்த வாசகத்துக்கு ஒரு பின்னணி உண்டு. எபெட்ரா என்னும் செடியின் சாறு அமெரிக்காவில் எடைக்குறைப்புக்காகப் பெருமளவில் விற்கப்பட்டு, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் அடுத்தடுத்துப் பதிவானதால், 2004ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைத் தடை செய்தது. கிளர்ச்சியூட்டி இல்லை என்பது அந்த அனுபவத்துக்குப் பின் விற்பனையாளருக்குக் கைகொடுக்கும் ஒரு தகுதிச் சான்றாகிவிட்டது. ஆனால் ஒரு கேடு இல்லை என்பது வேறு எந்தக் கேடும் இல்லை என்பதற்கோ, சொல்லப்படும் பயன் உண்டு என்பதற்கோ சான்றாகாது.

இத்தகைய கேப்சூல்களுக்காகச் சேலம் மாவட்டத்தின் ஆத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஒப்பந்த முறையில் பயிரிடப்படும் மருந்துக்கூர்க்கன் என்னும் கிழங்குச் செடியை எடுத்துக்கொள்வோம். (பொங்கலுக்குத் தென்மாவட்டங்களில் சமைக்கும் சிறுகிழங்கு இதன் உறவே தவிர இதுவன்று, இரண்டையும் ஒன்றெனக் கொள்ள வேண்டாம்.) நுனித்தண்டுகளை நட்டு, ஏறக்குறைய ஆறு மாதத்தில் கிழங்கெடுத்து, நறுக்கி வெயிலில் உலர்த்தி ஆலைக்கு அனுப்புகிறார்கள். அக்கிழங்கிலுள்ள போர்ஸ்கோலின் என்ற பொருளை 1970களில் மும்பையில் இயங்கிய ஹோக்ஸ்ட் ஆய்வு மையமும் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் ஆராய்ந்தன. அது ஏமாற்றுப் பொருளன்று. உயிரணுவில் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியை நேரடியாக முடுக்கி, சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருளின் அளவை அது உயர்த்துகிறது. அவ்வாறு உயரும்போது கொழுப்பணுக்களில் சேர்ந்திருக்கும் கொழுப்பு, கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆய்வகத்தில் இதைத் தெளிவாகக் காட்ட முடியும். விளம்பரங்கள் பிடித்துக்கொள்வதும் இந்த ஓர் உண்மையைத்தான்.

விளம்பரம் சொல்லாமல் விடுவது அடுத்த படியை. களஞ்சியத்திலிருந்து நெல்லை எடுத்து முற்றத்தில் குவித்துவிட்டால் அது உண்டு தீர்ந்ததாகிவிடாது. விடுபட்ட கொழுப்பு அமிலத்தைத் தசைகள் செலவழிக்க வேண்டும். உடலுக்கு அந்தச் செலவு இல்லையெனில் அது மீண்டும் கொழுப்பாகவே சேர்ந்துவிடும். மனிதரிடம் நடந்த சோதனைகளில் தெரிவதும் இதுவே. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், எடை மிகுந்த 30 ஆண்களில் ஒரு பாதியினருக்குப் பத்து விழுக்காட்டுச் செறிவுள்ள சாறு 250 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு இரு வேளை 12 வாரங்கள் தரப்பட்டது. உடற்கொழுப்பின் விகிதம் சற்றுக் குறைந்தது. உடல் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டில், அதே அளவில், 23 பெண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில் எடையும் குறையவில்லை, கொழுப்பும் குறையவில்லை.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கண்ட ஆய்வுகளில் ஒருவர் நாளொன்றுக்குப் பெற்றது 50 மில்லிகிராம் போர்ஸ்கோலின். உலர்ந்த கிழங்கில் அப்பொருள் அரை விழுக்காடு இருப்பதாகக் கொண்டால், அதற்குப் பத்து கிராம் கிழங்கு வேண்டும். அரை கிராம் கிழங்குப் பொடியை அடைத்த கேப்சூலில் இருப்பது இரண்டரை மில்லிகிராம்தான். சாறா, பொடியா, எத்தனை விழுக்காட்டுச் செறிவு என்பதைச் சொல்லாத குப்பியை வாங்குபவர், தாம் எதை வாங்குகிறோம் என்று அறியாமலே வாங்குகிறார்.

கிளர்ச்சியூட்டி இல்லை என்ற சொல்லும் இங்கே பாதி உண்மைதான். அட்ரினலின் சுரக்கும்போது இதயத்திலும் கொழுப்பணுவிலும் எந்தத் தூதுப்பொருள் உயர்கிறதோ, அதையே போர்ஸ்கோலினும் உயர்த்துகிறது. கதவு வேறு, உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒன்றே. இரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கவும், இதயத் துடிப்பின் வலிமையைக் கூட்டவும் வல்லது என்பதால்தான் அதன் ஒரு மாற்று வடிவம் ஜப்பானில் இதய செயலிழப்புக்கான ஊசிமருந்தாகப் பயன்பட்டது. இரத்த அழுத்த மாத்திரையோ இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தோ உட்கொள்பவர் இதை மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. அந்த எச்சரிக்கையை நான் எந்த விளம்பரத்திலும் கண்டதில்லை.

இத்தகைய கேப்சூல்களில் சேரும் மற்றொரு பொருளான குடம்புளியின் கதை இதைவிடத் தெளிவானது. அதன் தோலிலுள்ள முதன்மையான அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்பதை 1965இல் கண்டறிந்தவர்கள் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகியோர். உடல் புதிதாகக் கொழுப்பை உருவாக்க உதவும் ஒரு நொதியை அது தடுக்கும் என்பதும் 1969இல் நிறுவப்பட்டது. ஆயினும் 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான சோதனையில், 135 பேர் 12 வாரங்கள் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தபோது, அமிலம் பெற்றவர்கள் சராசரியாக 3.2 கிலோவும், வெற்று மாத்திரை பெற்றவர்கள் 4.1 கிலோவும் குறைந்தார்கள். இரண்டுக்குமான வேறுபாடு புள்ளியியல் முறைப்படி பொருட்படுத்தத்தக்கதன்று. எடையைக் குறைத்தது உணவுக் கட்டுப்பாடே.

பயன் இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியவில்லை. குடம்புளிச் சாற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 22 பேரைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2022இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் பச்சைத் தேயிலைச் சாற்றையும் சேர்த்தே உட்கொண்டிருந்தனர், ஐவர் குடம்புளியை மட்டும் உட்கொண்டவர்கள். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு இப்பாதிப்பு மிகுதி என்றும் அதில் தெரியவந்தது. குடம்புளியை மருந்துகளில் சேர்ப்பதை 2012லேயே தடுத்துவிட்ட பிரான்சு, அது கலந்த எடைக்குறைப்புப் பொருள்களை உட்கொள்ள வேண்டாமென 2025இல் மக்களை எச்சரித்தது. பச்சைத் தேயிலையிலும் கல்லீரலைத் தாக்குவதாகக் கருதப்படுவது காஃபீன் அன்று, கேட்டச்சின் வகைப் பொருள்கள். அவற்றில் முதன்மையான ஈஜிசிஜி நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் துணையுணவாக உடலில் சேர்ந்தால், கல்லீரல் பாதிப்பின் அறிகுறியாக இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் உயர்கின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கூறியது. எனவே காஃபீனை நீக்கிய தேயிலைச் சாறு தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்கலாம். கல்லீரலைக் கெடுக்காது என்று அதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. குமரி மாவட்டத்து மீன்குழம்பில் விழும் நாலைந்து சுளைக் குடம்புளியையோ, மாலையில் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீரையோ நான் சொல்லவில்லை. பல மடங்கு செறிவாக்கி, பெரும்பாலும் வெறும் வயிற்றில், மாதக்கணக்கில் விழுங்கப்படும் சாற்றையே சொல்கிறேன்.

சட்டம் என்ன செய்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், மருந்தால் உடற்பருமனைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆனால் இந்தக் கேப்சூல்கள் மருந்தாக அன்றி, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்கீழ்த் துணையுணவாகவே விற்பனைக்கு வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற வரியும் குப்பியின் மேல் சிறிய எழுத்தில் இருக்கிறது. வளர்சிதை மாற்றத்துக்குத் துணைநிற்கும் என்று மழுப்பலாக எழுதுவதன் காரணம் இதுவே. எடை குறையும் என்று எழுதினால் கேள்வி வரும். துணைநிற்கும் என்றால் வாசகர் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார்.

தங்களிடம் என் வேண்டுகோள் விளம்பரமே வாங்காதீர்கள் என்பதன்று. ஒரு நாளிதழ் எப்படி நடக்கிறது என்பதை நான் அறிவேன். செய்தியைப் போலவே எழுத்துரு அமைத்து, மருத்துவர் பேட்டியின் அருகில் வைக்கப்படும் அறிவிப்புகளின் தலைப்பில் விளம்பரம் என்ற சொல்லைப் பெரிதாக அச்சிடுங்கள். சாற்றின் செறிவும், ஒரு நாளைக்கு உடலில் சேரும் அளவும், கல்லீரல் நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் தவிர்க்க வேண்டும் என்ற குறிப்பும் இல்லாத விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள். மருத்துவப் பக்கத்தில் எழுதும் மருத்துவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூலிகைதானே என்ற எண்ணத்தால் நோயாளிகள் இவற்றை மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்வதில்லை. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, பசியற்று வருபவரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், எடை குறைய ஏதேனும் கேப்சூல் எடுக்கிறீர்களா என்றும் கேட்டு, அந்தக் குப்பியையே கொண்டுவரச் சொல்லுமாறு அவர்கள் தங்கள் பத்தியில் ஒருமுறையேனும் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.