வலிக்காமல் போகும் ரத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுநீரகக் கல் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள், வாழைத்தண்டுச் சாறு வரைக்கும் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் சிறுநீரில் ரத்தம் என்றாலே கல் அல்லது சூடு என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறோமே, அப்படித்தான் என் அண்ணன் ஏழு மாதத்தைத் தொலைத்தார்.

அவருக்கு அப்போது 61 வயது. ஒரு நாள் காலையில் சிறுநீர் நன்னாரி சர்பத் நிறத்தில் போயிருக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. சித்திரை வெயில் ஆயிற்றே, அண்ணி இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்தார், இரண்டு நாளில் நின்றுவிட்டது. குடிக்காவிட்டாலும் நின்றிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. சிறுநீர்ப்பையில் வரும் புற்றுக்கட்டி ஒரு நாள் ரத்தம் காட்டிவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருக்குமாம். இரண்டாவது முறை வந்தபோது பக்கத்து கிளினிக்கில் நீர்க்கடுப்பு என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், ஒரு யூரின் டெஸ்ட்கூட எடுக்கவில்லை. மூன்றாவது முறை ரத்தம் உறைந்து கட்டிகட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டது. அப்புறம்தான் சிறுநீர்ப்பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜி டாக்டரிடம் ஓடினோம்.

அவர் முதலில் கேட்டதே, பீடி சிகரெட் உண்டா என்றுதான். "அது நுரையீரலுக்குத்தானே சார்" என்று அண்ணன் இழுத்தார். புகையில் உள்ள நஞ்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் புகைதான். சாயத் தொழிலும் ஒரு காரணம், 1895-லேயே ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாய ஆலைத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வெறுங்கையோடு சாயத்தில் நிற்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. அது போதாது, சிறுநீர் வரும் வழியே குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்றார்கள், சின்னக் கட்டிகள் ஸ்கேனில் தப்பிவிடுமாம். அண்ணன் கூச்சப்பட்டே ஒரு வாரம் தள்ளிப்போட்டார். வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியாகக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். நல்லவேளை, தசைக்குள் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டி வந்திருக்கும். பிறகு வாரம் ஒன்றாக ஆறு வாரம் பைக்குள் பிசிஜி மருந்து செலுத்தினார்கள், இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். காசநோய் வராமல் இருக்கக் குழந்தைகளுக்குத் தோளில் போடுகிறோமே, அதே பிசிஜிதான், அளவு மட்டும் பல மடங்கு. "பேரனுக்குப் போட்டதை எனக்கும் போடுகிறார்கள்" என்று சிரித்தார்.

பீட்ரூட் சாப்பிட்டாலும் சிறுநீர் சிவக்கும், ரத்தமெல்லாம் புற்றுநோயும் கிடையாது, சரி. ஆனால் வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை ரத்தம் போனாலும் யூரின் டெஸ்ட்டும் ஸ்கேனும் எடுத்து யூராலஜி டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், சிறுநீரகப் புற்றுநோயும் இப்படித் தலைகாட்டலாம். பெண்கள் பாடு இன்னும் மோசம், ஒவ்வொரு முறையும் நீர்க்கடுப்பு மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை கல் பற்றி எழுதும்போது இதையும் கட்டம் கட்டிப் போடுங்கள்.

திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அண்ணனுக்கு உள்ளே பார்க்கிறார்கள். பீடியை விட்டுவிட்டார், டீக்கடையை மட்டும் விடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு