கைக்குழந்தைகளுக்கான விறைப்பு மருந்தின் அளவை நிறைப்படி எழுதும் நடைமுறை வேண்டி மனு

மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களே,

நாங்கள் திருகோணமலை மாவட்டத்தில் சத்திரசிகிச்சைக் கூடங்களில் வேலை செய்யும் தாதிய உத்தியோகத்தர்கள். மூதூர், குச்சவெளிப் பக்கமிருந்து ஹேர்னியாவுக்காகக் கொண்டுவரப்படும் கைக்குழந்தைகளுக்கு முதுகின் அடியில் போடும் கோடல் ஊசி பெரிய உதவி. பிள்ளை நோவில்லாமல் எழும்பும். அந்த முறையில் எங்களுக்குக் குறையில்லை. கவலையெல்லாம் அளவைப் பற்றியதே.

அந்த ஊசியில் போடும் விறைப்பு மருந்தான பியூப்பிவக்கெயின், ஒரு தடவைக்கு பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அதிலும் குறைக்க வேண்டும். இம்மருந்தை இரத்தத்தில் பிடித்து வைக்கும் புரதம் அந்த வயதில் குறைவு, ஈரலும் முதிர்ந்திருக்காது. 4 கிலோ பிள்ளைக்கு 0.25 சதவீத மருந்தில் 4 மில்லிலீற்றர் போட்டால் 10 மில்லிகிராம். எல்லை அதிலேயே வந்துவிடுகிறது. அதே 4 மில்லிலீற்றரை 0.5 சதவீத மருந்திலிருந்து இழுத்துவிட்டால் 20 மில்லிகிராம். ஊசியில் இழுத்த பிறகு இரண்டும் ஒரே நிறமற்ற தண்ணீர்தான். அளவு மீறி, மயக்கத்தில் கிடக்கும் பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். இதயத் துடிப்பு குழம்பும்போதுதான் எங்களுக்கே தெரியவரும்.

ஆகவே, அன்று காலை தராசில் பார்த்த நிறையையும் உச்ச அளவையும் மில்லிகிராமில் அனுமதித் துண்டிலேயே எழுதும்படி சுற்றறிக்கை ஒன்று வேண்டும். சுகாதார விருத்திப் பதிவேட்டில் கிடக்கும் பழைய நிறை போதாது. வாந்தியெடுத்து மெலிந்து வந்த பிள்ளைக்கு அது கூடுதலாகவே காட்டும். வெட்டிய இடத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் போடும் விறைப்பு மருந்தும் அதே கணக்கில் சேர வேண்டும். ஊசி போடுமுன் மில்லிகிராமை ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் சரிபார்க்கட்டும். அப்புறம், கைக்குழந்தைகளின் தட்டில் 0.5 சதவீத மருந்து வைக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திக் கேட்கிறோம். விறைப்பு மருந்து உடலில் நஞ்சாக வேலைசெய்தால் கொடுக்க வேண்டிய 20 சதவீத லிப்பிட் இமல்ஷன் (நாளத்தில் ஏற்றும் கொழுப்புத் திரவம்), பூட்டிய மருந்துக் களஞ்சியத்தில் அல்லாமல், கூடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர் என்றால் அந்த 4 கிலோ பிள்ளைக்கு முதல் தடவை தேவைப்படுவது 6 மில்லிலீற்றர்தான். அதன் பிறகு நிமிடத்துக்கு கிலோவுக்கு 0.25 மில்லிலீற்றர் வீதம் ஓடவிட வேண்டியிருப்பதால் ஒரு முழுப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். திகதி முடியுமுன் மாற்றும் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம்.

அளவு அட்டவணையைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்டுத் தந்தால், எந்த வேலைமுறையில் யார் நின்றாலும் பார்த்துக்கொள்ளலாம். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சத்திரசிகிச்சைக் கூடத் தாதிய உத்தியோகத்தர்கள்,
திருகோணமலை மாவட்டம்.