படத்தை முதலில் அந்தத் தெருவில் போடுங்கள்

ஆவணப்படம் எடுக்கிற, ஊர் ஊராகத் திரையிடுகிற தோழர்களுக்கு,

வணக்கம். நான் தூய்மைப் பணியாளர்களோடு சங்க வேலை பார்க்கிறேன். உங்களில் பலருடைய படங்களுக்கு இடம் பிடித்து, ஆள் சேர்த்து, ஸ்பீக்கர் தூக்கியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். படம் எடுக்க ஒதுக்குகிற பணத்திலும் நாட்களிலும் ஒரு பங்கை, அதை எடுத்த தெருவிலேயே போட்டுக் காட்டி அங்கே உட்கார்ந்து பேசுவதற்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். திரைப்பட விழாவுக்கு அனுப்புவதெல்லாம் அப்புறம்.

படத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிற ஆள் இல்லை நான். 2003-இல் ஆர்.பி. அமுதனின் 'பீ' மதுரையில் ஒரே ஒரு பெண் தூய்மைப் பணியாளரின் வேலையைக் கூடவே இருந்து பதிவு செய்தது. 2017-இல் கையால் மலம் அள்ளுகிறவர்களைப் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. பல ஊர்களில் காவல்துறை திரையிட விடவில்லை, கடைசியில் படத்தை யூடியூபில் ஏற்றினார்கள், அதன் பிறகு அந்த இயக்குநருக்கு வந்த மிரட்டல்களும் வசவுகளும், பழைய வழக்கு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து அவரைக் கைது செய்ததும் உங்களுக்கே தெரியும். ஒரு படத்துக்கு இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால் அதில் இருக்கிற பலம் சாதாரணமானது இல்லை. மலக்குழியில் செத்தவர் வீட்டில் நின்று அந்த மனைவி பேசுவதைக் கேட்ட பிறகு, "இப்போதெல்லாம் யார் சார் இறங்குகிறார்கள்" என்று யாரும் வாய் கூசாமல் சொல்ல முடியாது.

ஆனால் திரையிடல் முடிந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். விளக்கைப் போட்டதும் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருவர் எழுந்து ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது என்பார், இன்னொருவர் எந்தக் கேமரா என்று கேட்பார், ஒரு பேராசிரியர் இருபது நிமிடம் பேசுவார். பின்வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிற, படத்தில் வருகிற அந்தப் பெண் கேட்க நினைத்தது வேறு. புருஷன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது, காசு கிடைக்குமா கிடைக்காதா, யாரிடம் மனு கொடுப்பது? அதற்குள் மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

அவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்கிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள், செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இதையெல்லாம் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, படம் முடிந்ததும் கையில் கொடுத்துவிடலாம். தாள் கொடுத்தால் மட்டும் போதாது என்பதும் உண்மைதான். இறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும், ஒப்பந்தக்காரர் "அவன் எங்க ஆளே இல்லை" என்பார். அதனால் திரையிடலுக்கு ஒரு வழக்கறிஞரையும் சங்க ஆளையும் கூடவே அழைத்து வாருங்கள். மனு எழுதத் தெரிந்த ஒருவர் பேனாவோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாலே அன்றைக்கு நாலு காரியம் நகரும்.

கனடாவில் ஃபோகோ தீவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1967-இல் அந்த மீனவக் கிராமங்களைக் காலி செய்து மக்களை வேறு இடத்துக்கு மாற்றும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கிராமமும் தனித்தனியாகக் கிடந்தது, மதப் பிரிவினை வேறு. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ அங்கே போனார். எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி ஒரே பெரிய படமாக்காமல், ஓர் ஆள், ஒரு கூட்டம், ஒரு பேச்சு என்று சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். முதலில் அந்தத் தீவுக்காரர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். இந்தக் கிராமத்தில் பேசியதை அந்தக் கிராமத்துக்காரர் பார்த்தார், நம் கஷ்டம்தானே இவர்களுக்கும் என்று தெரிந்தது. பிறகு அதே படங்கள் அரசாங்கத்தாருக்கும் காட்டப்பட்டு, மீன்வளத் துறை அமைச்சரின் பதிலும் படமாகத் தீவுக்கே திரும்பி வந்தது. மக்கள் அங்கேயே தங்கினார்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. எல்லாம் படத்தால்தான் என்று நான் சொல்ல வரவில்லை, கூட்டுறவுக்காக ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய பேச்சைப் பக்கத்து ஊருக்கும் தலைநகருக்கும் கொண்டுபோனது படம். நம் ஊரில் அப்படி எத்தனை முறை நடந்திருக்கிறது? ஒரு மாநகராட்சி ஆணையருடைய பதிலை வாங்கி அதே தெருவில் போட்டுக் காட்டியவர் நம்மில் யார்?

தெருவில் போடுவது லேசான வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். தூய்மைப் பணியாளர்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறவர்கள், எட்டரைக்கு மேல் உட்கார மாட்டார்கள். படம் ஒன்றரை மணி நேரம் என்றால் பேச நேரமே இருக்காது. அதனால் தெருவுக்கென்று அரை மணி நேரப் பதிப்பு ஒன்று தயார் செய்யுங்கள். தண்ணீர் வருகிற நாளில் வைக்காதீர்கள், பெண்கள் குடத்தோடு குழாயடியில்தான் நிற்பார்கள். ஓரத்தில் சூப்பர்வைசரோ ஒப்பந்தக்காரரின் ஆளோ நிற்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நின்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், திறந்தால் மறுநாள் வேலை இருக்காது. அந்த மாதிரி இடங்களில் தெருவை விட்டுவிட்டு ஒரு வீட்டு முற்றத்திலோ சங்க அலுவலகத்திலோ பத்துப் பேருக்குப் போட்டாலும் போதும்.

அப்புறம், பிணத்தைக் காட்டுகிற காட்சிகள். மலக்குழியிலிருந்து உடலைத் தூக்குகிற காட்சியை வெளியூர்க்காரர் பார்த்து அதிர்ச்சி அடையலாம், அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதே காட்சியை அந்த மனிதருடைய அம்மா தன் தெருவில், அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? முன்கூட்டியே வீட்டுக்குப் போய் அவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டி, எது இருக்கலாம் எது வேண்டாம் என்று கேளுங்கள். படம் பிடிக்கும்போது வாங்கிய கையெழுத்து இதற்குச் செல்லாது. வேண்டாம் என்று சொன்னால் வெட்டிவிடுங்கள், படம் கொஞ்சம் பலவீனமானாலும் பரவாயில்லை.

இந்த வேலையைச் சில சாதிகளின் தலையிலேயே கட்டி வைத்திருக்கிற மற்றவர்களுடைய தெருவிலும் போட வேண்டும். தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் அவர்களுக்குத் தெரிந்ததையே அவர்களுக்குச் சொல்கிறோம். செப்டிக் டேங்குக்கு ஆள் கூப்பிடுகிறவர் அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர். ஆளை இப்படி இறக்கினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்று அவருக்குத் தெரியுமா? கழிவுநீர் லாரியைக் கூப்பிட 14420 என்ற எண் இருப்பதாவது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் கூட்டத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். கிராமங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். முந்தின நாள் சாயங்காலம் படத்தைப் போட்டால் மறுநாள் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்க ஆள் இருக்கும்.

நிதி கொடுப்பவர்கள் திரையிடலுக்குத் தர மாட்டார்கள் என்பீர்கள். சரி, அதையும் அவர்களிடம் சேர்ந்தே கேட்போம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் அடுத்த படத்தை முதல் தடவை தொகுத்து முடித்ததும் தகவல் சொல்லுங்கள். எங்கள் சங்கத்தில் ப்ரொஜெக்டர் இருக்கிறது, ஸ்பீக்கரும் இருக்கிறது. கேள்வி கேட்கத் தயாராக இருக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு வந்தால் போதும், எட்டு மணி வரை இருந்துவிட்டுப் போங்கள்.

தோழமையுடன்,
உங்கள் படங்களுக்கு ஆள் சேர்க்கிற ஒரு சங்கப் பணியாளர்