அந்தத் தொடரை எதற்கு விடுகிறாய்?

அன்புள்ள தங்கைக்கு,

அலுவலகம், லினோலியப் பலகையைச் செதுக்கி மை தடவி அச்செடுக்கும் லினோ வேலை, அனிமே என்னும் ஜப்பானிய அசைபடத் தொடர் என்று மூன்றையும் இழுத்துக்கொண்டு ஓட முடியவில்லை, அதனால் மூன்றாவதைத் தலைமுழுகிவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நேரமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். அதெல்லாம் சிறுபிள்ளைத்தனம், இனிமேல் பொறுப்பான கலைஞராக இருக்க வேண்டும் என்று காரணம் சொல்கிறாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ கையில் எடுத்திருக்கும் அச்சுக்கலையை வளர்த்துவிட்டவர்களில் ரசிகர் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எடோ காலத்து (1603 முதல் 1868 வரை) ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளை இன்று அருங்காட்சியகத்தில் கைகட்டி நின்று பார்க்கிறோம். விற்ற காலத்தில் அவற்றில் ஏராளமானவை நாடக நடிகர் படங்கள், மல்யுத்த வீரர் படங்கள். பிடித்த நடிகரின் படத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர்களை நம்பித்தான் ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என நான்கு பேர் பிழைப்பு நடந்தது.

அந்த ஓவியர்களில் ஷாராகு என்பவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். 1794-இல் எங்கிருந்தோ வந்தார். சுதாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளர் வெளியிட்ட முதல் தொகுதியிலேயே 28 படங்கள். அத்தனையும் அப்போது மேடையில் ஓடிக்கொண்டிருந்த கபுகி நாடகங்களின் நடிகர்கள். பின்னணியில் அப்ரகப் (மைக்கா) பொடி மின்னும் கருமை. சுமார் பத்து மாதங்களில் 140-க்கு மேல் படங்கள் வந்தன. 1795-இன் தொடக்கத்தோடு ஆள் காணாமல் போய்விட்டார். அவர் யார் என்று நெடுங்காலம் வழக்காடினார்கள். அவா என்ற பகுதியை ஆண்ட பிரபுவிடம் சம்பளத்துக்கு இருந்த நோ நாடக நடிகர் சாய்தோ ஜூரோபெய்தான் அவர் என்பதே இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. நோ என்பது சாமுராய்கள் போற்றிய மேட்டுக்குடி நாடகம். கபுகியோ நகரத்து மக்கள் முண்டியடித்துப் பார்த்த கூத்து. ஆய்வாளர்கள் சொல்வது சரியென்றால், உயர்ந்த கலை என்று பெயர்பெற்ற வேலையில் சம்பளம் வாங்கியவர், புனைபெயரில் ஒளிந்துகொண்டு வெகுஜன நட்சத்திரங்களை வரைந்திருக்கிறார். உன் கதைதானே இது?

அவர் படங்களில் மூன்றாம் ஓதானி ஓனிஜி அடியாள் வேடத்தில் இருப்பதை எடுத்துப் பார். முகம் முன்னால் துருத்துகிறது, வாய் இறுகிக் கீழே வளைந்திருக்கிறது, மார்பருகே இரண்டு கைகளும் விரல்களை விரித்துக்கொண்டு உடலுக்குப் பொருந்தாத அளவில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பெண் வேடமிட்ட நடிகர்களை வரைந்தாலும் ஒப்பனைக்கு அடியில் இருக்கும் ஆணின் மூக்கையும் தாடையையும் அவர் மறைக்கவில்லை. அளவுக்கு மீறி உள்ளபடியே வரைந்தார், அதனால்தான் நிலைக்கவில்லை என்று அக்காலத்தவரே குறைபட்டிருக்கிறார்கள். ஒருமுறை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவர் கண்ணில் இதெல்லாம் படாது. அலுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் நட்சத்திரத்தின் மூக்கு தெரியும்.

இனி உன் படத்துக்கு வருகிறேன். எனக்கு அனுப்பியதில் அனிமே நாயகனின் பொம்மை, வாளை உயர்த்தி நிற்கிறது. வாளின் நுனியில் உன் அலுவலக அடையாள அட்டை கயிற்றோடு தொங்குகிறது. மூன்று நிறங்களையும் ஒரே பலகையைப் படிப்படியாகக் குறைத்துச் செதுக்கி எடுத்திருக்கிறாய். அந்த முறையில் ஒரு நிறத்தை அச்சிட்டு அடுத்ததற்கு வெட்டிவிட்டால் பழைய பலகை திரும்பக் கிடைக்காது என்பது உனக்குத் தெரியும். துணிச்சல்தான். வலது ஓரத்தில் நீலம் ஒரு நூலளவு விலகி, பொம்மையின் தோளைச் சுற்றி அடியிலுள்ள நிறம் கோடாகத் தெரிகிறது. காகிதத்தைப் பொருத்தும் மூலைக்கட்டையை அடுத்தமுறை பலகையோடு சேர்த்து ஒட்டிவிடு. அட்டையில் உள்ள எண் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதே, வேண்டுமென்று விட்டாயா, மறந்துவிட்டாயா? எப்படியானாலும் அதைத் திருத்தாதே. உன் படங்களிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இதே படத்தோடு அனுப்பிய இன்னொன்று, விளம்பரப் படத்தில் இருக்கும் நாயகன் முகத்தை அப்படியே லினோவுக்கு மாற்றியது. கை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது தொடரைத் தயாரித்தவர்கள் வரைந்த முகம். உனக்கு அதில் செதுக்கும் வேலை மட்டுமே இருந்தது. விற்கப் போனால் உரிமைச் சிக்கல் வேறு வரும். பொம்மைப் படத்தில் நீ இருக்கிறாய். நள்ளிரவு வரை விழித்திருந்து தொடரைப் பார்த்துவிட்டு, காலையில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிற ஆள் அதில் இருக்கிறாள். அவளைத் தலைமுழுகிவிட்டு எதைச் செதுக்கப் போகிறாய்? பழக்கிண்ணத்தையா?

வேலையை விட்டுவிடு என்று உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். கொரிட்டா கென்ட் என்ற கன்னியாஸ்திரி லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தவர். வகுப்புகள் நடக்கும் காலத்தில், துணித்திரை வழியே மையைத் தள்ளி எடுக்கும் திரை அச்சுக்கு அவருக்கு நேரம் இருக்காது. பெரும்பாலும் கோடைப் பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்குவதற்கு இடைப்பட்ட சில வாரங்களில்தான் மொத்தமாக அச்சிட்டார். 1962-இல் அமெரிக்க ஓவியர் ஆன்டி வார்ஹோலின் சூப் டப்பா ஓவியங்கள் அதே நகரத்தில் காட்சிக்கு வந்தன. அவற்றைப் பார்த்தபின் ரொட்டி உறை, கடை விளம்பர வாசகம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தன் அச்சுக்குள் கொண்டுவந்தார். ஆண்டில் சில வாரம் போதுமா என்று கேட்காதே. மற்ற மாதங்கள் முழுக்க அவர் பார்த்துக்கொண்டும் சேர்த்துக்கொண்டும் இருந்தார்.

நம் கலை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓரளவு தோதானதும்கூட. எண்ணெய் வண்ணத்தைப் பாதியில் விட்டால் தட்டில் காய்ந்து தொலையும். லினோ பலகையை எந்த நிமிடத்திலும் கீழே வைக்கலாம், அடுத்த வாரம் எடுத்தாலும் உளி விட்ட இடத்திலேயே தொடங்கும். செதுக்குவதை அரை மணி, முக்கால் மணி என்று வார நாள்களில் வைத்துக்கொள். அதற்கு முன் பலகையை லேசாகச் சூடாக்கினால் மணிக்கட்டு நோகாது. மை தொட்டால் மட்டும் அப்படி முடியாது. உருளையை ஓட்டும்போது மை சன்னமாகச் சீறுகிற பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு கைவிடாமல் எல்லாத் தாள்களையும் எடுத்துவிட வேண்டும். அதற்கு விடுமுறை நாள் ஒன்றை முழுதாக ஒதுக்கு. அன்றைக்குத் தொடரும் வேண்டாம், தொலைபேசியும் வேண்டாம். எண்ணெய் மை அடுத்த நிறத்தை ஏற்கும் அளவுக்குக் காய ஒரு நாளோ சில நாள்களோ பிடிக்கும் அல்லவா? அந்த மாலைகளில் கால்நீட்டி உட்கார்ந்து உன் அனிமேயைப் பார். பக்கத்தில் ஒரு பென்சிலும் குறிப்பேடும் இருக்கட்டும்.

பொம்மைப் படத்தில் எத்தனை தாள்கள் தேறின என்று நீ எழுதவே இல்லை. எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டாயானால் எனக்கு ஒன்றை எடுத்து வை. நீலம் விலகிய தாளாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தொடரை எந்த அத்தியாயத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்பதையும் எழுது. அந்த வாள் யாருடையது என்று எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அக்கா